கொம்பு கடைசி

முதுகில் போடும் சுமைச்சட்டகத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள் அதன் அடித்தட்டை மேலே மடக்கிவிட்டுத்தான் மாட்டுவார்கள். விரித்தபடி விட்டால் போகிறவர்கள் வருகிறவர்கள் இடுப்பில் இடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் காரணம். கர்டிஸின் கராஜில், பனிவண்டிக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மெர்னா பார்த்த சட்டகத்தின் தட்டு விரிந்திருந்தது. யாரோ உட்காருவதற்காகப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

அது அவள் கணவன் எல்டனுடைய சட்டகம். முதுகில் மாட்டிக்கொள்ளும் பழைய அலுமினியக் குழாய்ச் சட்டகம், அடியில் மூட்டை உட்காரும் தட்டு, இடுப்பைச் சுற்றிக் கனமான வார். இருபது வருடமாக அவன் வேட்டையாடிய, குதிரையளவு பெரிய மூஸ் மான் ஒவ்வொன்றும் கால் காலாக, விலா விலாவாகக் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது இதில்தான். இந்த வருட வேட்டைக்கு அதை அவள் கேட்டபோது, எல்டனின் தம்பி கர்டிஸ் பத்து நிமிடத்துக்கு முன்னால், காப்பி ஊற்றிக்கொண்டே, அது உடைந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தான்.

"ஒடைஞ்சு போச்சுன்னியே கர்டிஸ்?"

"அட, இது இங்கயா கெடக்கு?" என்று அவன் வந்தான். சட்டகத்தைப் பார்க்காமல், கால் நீட்டி, பூட்ஸ் நுனியாலேயே தட்டை மேலே தள்ளி மடக்கினான். "நான் வேற எதையோ நெனைச்சுட்டேன் அண்ணி. இது வேணாம். பழசு. உங்க முதுகு போயிரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் மாதிரி, கர்டிஸ் தார்ப்பாயை மறுபடி அதன்மேல் இழுத்துவிட்டான். மெர்னா அதைப் பார்த்துக்கொண்டாள். போன செப்டம்பரிலிருந்தே அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன செப்டம்பரில் அண்ணனும் தம்பியும் மூஸ் வேட்டைக்குப் போனார்கள். தம்பி மட்டும் திரும்பி வந்தான். அண்ணன் சட்டகத்தில் நான் முதல் நடை இறைச்சியைச் சுமந்து வண்டிக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது அண்ணன் அங்கே இல்லை, ஆற்றைக் கடக்கப் போய் வெள்ளத்தில் போயிருக்க வேண்டும் என்றான். ஹெலிகாப்டர் தேடியது, நாய்கள் தேடின, ஊரே தேடியது. ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை. எல்டன் நீந்தத் தெரிந்தவன். ஆற்றைக் கண்டால் மரியாதையாக நடந்துகொள்பவன். அவன் ஏன் தனியாக ஆற்றில் இறங்கினான் என்று மெர்னா கேட்டதற்கு கர்டிஸ் அழுதான். அழுகை பதில் ஆகாது.

ஆனாலும் அவளுக்கு கர்டிஸ் வேண்டியிருந்தது. உறைபெட்டி காலி. அலாஸ்காவில் குளிர்காலத்தைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுத் தாண்ட அவளால் முடியாது. சுடுவதில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் ஒரு மூஸைத் தனி ஆளாகச் சதுப்பு தாண்டித் தூக்கி வர முடியாது. கூட ஒருவர் வேண்டும். கூட வருகிறேன் என்று சொன்னது இவன் ஒருவன்தான்.

"இந்தப் புதுசைப் போட்டுப் பாருங்க," என்று கர்டிஸ் கறுப்பாகப் பளபளத்த ஒன்றை எடுத்து நீட்டினான். "கையில எடுத்தா காத்து மாதிரி இருக்கு. ஃபிரேம் எடுக்கறது மாப்பிள்ளை பாக்கற மாதிரி அண்ணி, வயசானதைக் கட்டிக்கிட்டு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கழுதை லேசா இருந்து என்ன, மூட்டை கனக்குமில்ல," என்றாள் மெர்னா.

இருந்தாலும் போட்டுப் பார்த்தாள். நாய்த்தீனி மூட்டை இரண்டைக் கட்டி, கராஜின் மரப்படியில் ஏறி இறங்கினாள். புதியதில் தட்டு இல்லை. மூட்டை வார்களில் தொங்கியது. ஒவ்வொரு படிக்கும் சரிந்து இடுப்புக்குக் கீழே போய் அவளைப் பின்னால் இழுத்தது. "இது சின்னப் பசங்க ஆட்டுக்குட்டி தூக்க. மூஸுக்கு ஆகாது," என்று கழற்றினாள்.

பிறகு எல்டனுடையதை மாட்டினாள். தட்டில் மூட்டைகள் பாந்தமாக உட்கார்ந்தன. பாரம் இடுப்பில் இறங்கியது. தோள் சும்மா இருந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும். படியில் ஏறித் திரும்பினாள். அப்போது ஒன்றைக் கவனித்தாள். அவள் திரும்புகிற ஒவ்வொரு முறையும் கர்டிஸ் அவசர அவசரமாகச் சுற்றி வந்து அவளுக்கு முன்னால் நின்றுகொண்டான். மூட்டையின் கட்டு சரியாக இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்ப்பதுதான் கூட இருப்பவனின் வேலை. அவன் ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை.

கழற்றி வைக்கும்போது மேல் குழாயையும் பார்த்தாள். இரண்டு இடத்தில் வண்ணம் உரிந்து உலோகம் வெளுத்திருந்தது; ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த கறை. அந்த இடத்தில் உரசுவது ஒன்றே ஒன்றுதான். தலையோடு சேர்த்து மேலே கட்டிய கொம்பு. எல்டன் கொம்பு சுமப்பவன் இல்லை; போன செப்டம்பரில் எடுத்துப்போனபோது இந்தத் தடம் இல்லை. போன வருடம் கொம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அண்ணன் போன இடத்தில் எனக்குக் கொம்பு எதற்கு என்று இதே கர்டிஸ் ஊர் முன்னால் சொல்லியிருந்தான்.

"இதையே எடுத்துக்கறேன்," என்றாள்.

கர்டிஸ் புதியதைச் சுவரில் திருப்பி மாட்டப் போனான்.

வீட்டில் அதை முன்னறையில், கோட்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள். தட்டை மடக்கித்தான் மாட்டினாள். சால்மன் மீனை வாட்டிக்கொண்டிருக்கையில் முன்னறையில் கிளிக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தாள். தட்டு விரிந்திருந்தது. கீல் தளர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். மடக்கினாள். அந்தச் சிறிய அறையில் ஈரக் கம்பளியும் மரப்பிசினும் கலந்த ஒரு வாடை இருந்தது. மழையில் நனைந்து வந்து கதவருகே சட்டையைக் கழற்றுகிறவனிடம் வருகிற வாடை. அவளுடைய கோட்டுகள் எல்லாம் காய்ந்துதான் இருந்தன. மறுபடி கிளிக். இந்த முறை ஒரு கயிற்றை எடுத்து, தட்டைச் சட்டகத்தோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

காலையில் கயிறு அவிழ்ந்திருந்தது. அறுபடவில்லை. அழகாகச் சுருட்டி விரிந்த தட்டின்மேல் வைக்கப்பட்டிருந்தது.

முதலில் பயம்தான் வந்தது. அடுத்த கணமே கோபம் வந்தது. இந்த வீட்டுச் சாவி ஒன்று கர்டிஸிடம் இருந்தது. என்னைப் பயமுறுத்தி இந்தச் சட்டகத்தைத் திருப்பி வாங்கப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு? இதில் என்னவோ இருக்கிறது. அது தெரிகிறவரை இதை நான் விடப்போவதில்லை என்று அவள் உரக்கவே சொல்லிக்கொண்டாள். சொன்னது தன் சமையலறைக்கே கேட்காத மாதிரி வீடு அமைதியாக இருந்தது.

அவர்களுக்கு மூஸ் சீக்கிரமே கிடைத்தது. போன வருடம் அண்ணனும் தம்பியும் போன அதே சதுப்புக்கு அந்தப் பக்கம், வில்லோப் புதருக்கு நடுவில், மதியம் சாய்கிற நேரத்தில் மெர்னா ஒரே குண்டில் விழ வைத்தாள். தோல் உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் போட்டு, கரடி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுவதற்குள் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. கொம்பு சுமாரானதுதான். அதைத் தலையோடு ஒரு பக்கம் வைத்தார்கள். கொம்பு கடைசி. இறைச்சி முழுக்க வண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கொம்பைத் தொட வேண்டும். சட்டமும் அதுதான், மானமும் அதுதான். இறைச்சிக்கு முன்னால் கொம்பைத் தூக்கியவனோடு அடுத்த வருடம் யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள்.

"இன்னிக்கி ஒரு நடை போதும்," என்றான் கர்டிஸ். "மிச்சத்தை நாளைக்கிப் பாத்துக்கலாம். இருட்டறதுக்குள்ள வண்டிகிட்ட போயிரணும் அண்ணி."

ஒரு முன்னங்காலைத் தட்டில் நிறுத்திக் கட்டினாள். தரையில் உட்கார்ந்து, சட்டகத்தில் முதுகைச் சாய்த்து, கைகளை வாரில் நுழைத்து, இடுப்பு வாரை இறுக்கினாள். கர்டிஸ் முன்னால் நின்று அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டான். எழுந்தவள் தள்ளாடினாள்.

"எதைடா வெச்சே?"

"நான் ஒண்ணும் வெக்கல அண்ணி. நீங்கதான் கட்டினீங்க."

உண்மைதான். அவளேதான் கட்டினாள். ஒரு முன்னங்காலின் கனம் அவளுக்குத் தெரியாததா? இது அது இல்லை. இறைச்சி செத்த பாரம். கட்டிய இடத்தில் கிடக்கும். இது அவள் இடது பக்கம் சாய்ந்தால் தானும் ஒரு கணம் தாமதித்துச் சாய்ந்தது. பள்ளம் வந்தால் முன்கூட்டியே இறுகியது.

"நீ பின்னால வா. கரடி வந்தா எனக்குத் தெரியாது," என்றாள்.

"நான் முன்னாடியே போறேன்."

"பின்னால வான்னா வா. எதுக்குப் பயப்படறே?"

அவன் தன் சுமையோடு முன்னால் நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான், அப்படியென்றால் இவன் பயப்படுவது என்னைப் பார்த்து இல்லை என்று மெர்னாவுக்கு உறைத்தது.

சதுப்பில் புல்மேடுகள் காலடியில் ஆடின. காற்று நின்றிருந்தது. அழுகத் தொடங்கிய கிரான்பெரிப் பழத்தின் புளித்த வாடை எங்கும் இருந்தது. அதற்கு நடுவே, பின்கழுத்துக்குப் பக்கத்தில், ஈரக் கம்பளி வாடை. சட்டகக் குழாய் கீச்சிட்டது. அவள் மூச்சு வாங்கினாள். கர்டிஸ் மூச்சு வாங்கினான். ஓடை குறுக்கிட்ட இடத்தில் அவள் நின்றாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கர்டிஸ் ஓடைக்கு அந்தக் கரையில் இருந்தான். அப்படியும் ஒரு மூச்சு கேட்டது. பல்லைக் கடித்து வலியைப் பொறுக்கிறவனின் மூச்சு.

"கர்டிஸ்."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"மேல் குழாயில கொம்பு ஒரசின தடம் இருக்கு. போன வருஷம் நீ கொம்பைத் தூக்கிட்டு வந்திருக்கே. என்கிட்ட பொய் சொன்னே. அவருக்கு என்ன ஆச்சு?"

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கர்டிஸ் ஓடையிடமே சொல்வது போலச் சொன்னான்.

"அண்ணன் கால் ஒடைஞ்சு போச்சு. மரம் தடுக்கி. முட்டிக்குக் கீழ அப்படியே திரும்பிக்கிச்சு."

"சரி?"

"அந்தக் கொம்பு அண்ணி... அப்படி ஒரு கொம்பை நான் பாத்ததே இல்ல. பக்கத்துலயே கரடித் தடம். விட்டுட்டுப் போனா கடிச்சு நாசம் பண்ணிரும். முதல்ல கொம்பைக் கொண்டுபோய் வண்டியில போட்டுட்டு ஓடி வந்துரலாம்னு நெனைச்சேன். அண்ணன்கிட்ட நெருப்பு இருந்துச்சு. துப்பாக்கி இருந்துச்சு. 'போய்ட்டு வாடா, நான் எங்க ஓடிரப் போறேன்'னு சிரிச்சாரு."

"தட்டு வெச்ச ஃபிரேம் உன் முதுகுல இருந்துச்சு," என்றாள் மெர்னா. "அவரை அதுல உக்கார வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்கலாம். ஊர்ல எத்தனை பேரை அப்படித் தூக்கிட்டு வந்திருக்காங்க! மனுஷனை விட்டுட்டுக் கொம்பைத் தூக்கினியா? பாவி! நீயெல்லாம் ஒரு தம்பியா?"

"திரும்பி வந்தேன் அண்ணி. நெருப்பு அணைஞ்சிருந்துச்சு. தவழ்ந்த தடம் இருந்துச்சு. என் பின்னாலயே வந்திருக்காரு. நான் கொம்பு தூக்கிட்டுப் போன வழியிலயே. இந்த ஓடை வரைக்கும். அதுக்கு அப்புறம் தடம் இல்ல."

"அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாமே," என்று அவள் அழுதாள். "அந்தத் தட்டுல ஒரு எடம் குடுத்திருக்கலாமே."

கர்டிஸ் முதல் முறையாகத் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பார்த்தான்.

"அங்கதான் அண்ணி உக்காந்திருக்காரு," என்றான். "போன வருஷத்துலேர்ந்து. தேடிட்டுக் காலி ஃபிரேமோட திரும்பினேன். அது காலியா இல்ல. அவரை எறக்கப் பாத்தேன். எறங்கல. எப்படித் தூக்கிப் போடறது? அண்ணன் இல்லியா? அதான் மூடி வெச்சேன். உங்களைப் பின்னாலேர்ந்து பாக்கச் சொல்லாதீங்க. என்னால முடியாது."

மெர்னாவின் கைகள் வாரில் இறுகிக்கிடந்தன. கழற்ற வேண்டும். விரல் கேட்கவில்லை. பின்கழுத்தில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. ஒரு விழுந்த மரத்தில் பின்வாங்கி உட்கார்ந்து, எப்படியோ இடுப்பு வாரை விடுவித்து, சட்டகத்திலிருந்து நழுவி முன்னால் விழுந்தாள். புரண்டு எழுந்து பார்த்தாள். துணிப்பையில் முன்னங்கால். கயிறு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் தட்டின் விளிம்பு பாசிக்குள் புதைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக.

கணவன் மேல் அவளுக்குப் பயம் இருந்தது. அதை அவள் பிறகு எப்போதும் மறுக்க முடியாது. ஆனால் பயத்தைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. அவள் இறைச்சியை அவிழ்த்து ஒரு கிளையில் மாட்டினாள். கர்டிஸைப் பார்த்து விரல் நீட்டினாள்.

"அதை எறக்கி வெய்யி. இதை மாட்டு."

"அண்ணி..."

"போன வருஷம் தூக்க வேண்டியது. இப்பத் தூக்கு."

அவன் மறுக்கவில்லை. சொல்லப்போனால், யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன் மாதிரி இருந்தான். ஓடையைக் கடந்து வந்து, தன் சுமையை இறக்கி, வெறும் சட்டகத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். மெர்னா அவனுடைய கைகள் இரண்டையும் பிடித்து இழுத்தாள். வெறும் சட்டகம். அவளால் முடியவில்லை. மறுபடி இழுத்தாள். ஒரு முனகலோடு அவன் எழுந்தான். வார்கள் அவன் தோளில் பதிந்து சட்டையைச் சுருட்டின.

அவள் பின்னால் போய் நின்றாள். யாரும் இல்லாத தட்டைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டுக்குப் போலாம் வாங்க."

சொன்னது தப்போ என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

நடந்தார்கள். இந்த முறை அவள் பின்னால் நடந்தாள். தட்டில் எதுவும் தெரியவில்லை. ஆனால் கர்டிஸின் பூட்ஸ் ஒவ்வொன்றும் கணுக்கால் வரை இறங்கியது. அவன் ஏதோ பேசிக்கொண்டே போனான். இடையிடையே நிறுத்தினான். ஆமாண்ணே என்றான். தெரியும்ணே என்றான். ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தான்.

வண்டி நின்ற கப்பிச் சாலைக்கு வந்தபோது வானம் சாம்பலாகிவிட்டது. கர்டிஸ் வண்டியின் பின்கதவருகே பின்வாங்கித் தட்டைச் சாய்த்தான். நெளிந்தான். குனிந்தான்.

"எறங்க மாட்டேங்கறாரு," என்றான். முகம் முழுக்க வியர்வை. "நடந்தே வரேன். நீங்க பின்னால வாங்க. வெளக்கைப் போடுங்க."

அவள் வண்டியில் ஏறி விளக்கைப் போட்டு, முதல் கியரில் அவன் பின்னால் ஊர்ந்தாள். வெளிச்சத்தில் அவன் முதுகு. அலுமினியக் குழாய். வெறும் தட்டு. அவனுக்கு முன்னால், சாலையில் நீண்டு விழுந்த நிழல்.

நிழலுக்கு இரண்டு தலை.

ஒன்று குனிந்திருந்தது. இன்னொன்று அதன் காதருகே சாய்ந்திருந்தது. நிழலின் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கின. ஒன்று நேராக. ஒன்று முட்டிக்குக் கீழே தவறான பக்கம் திரும்பி.

மெர்னா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். இன்ஜின் சத்தம் மட்டும். கப்பி நொறுங்கும் சத்தம் மட்டும். காதருகே சாய்ந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. திரும்பியது. வெளிச்சம் வருகிற திசையில். அவள் இருக்கிற திசையில்.

கர்டிஸ் நின்றான். அவளும் நிறுத்தினாள்.

நிழலுக்கு ஒரு தலைதான் இருந்தது.

அவன் முதுகு நேரானது. தோளை உருட்டிப் பார்த்தான். கைகளை விரித்தான். ஒரு வருடத்துக் கனம் இறங்கியவன் அழுதுகொண்டே திரும்பினான். வெளிச்சத்தில் கண் கூச, வண்டிக்குள் அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் பார்த்தான்.

அவன் வாய் திறந்தது. "அண்ணி! எறங்குங்க!" என்று கத்தினான். பின்னால் நகர்ந்தான். தடுக்கி விழுந்தான். எழுந்து ஓடினான். காலிச் சட்டகம் முதுகில் தடதடத்துக்கொண்டே வெளிச்சத்தைத் தாண்டி மறைந்தது.

பக்கத்து இருக்கை மெதுவாக அமுங்கியது. ஈரக் கம்பளி. மரப்பிசின். பல்லைக் கடித்த மூச்சு. ஒடிந்த எதையோ இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைக்கிற சத்தம்.

மெர்னா நேராகச் சாலையைப் பார்த்தாள். சாலையை மட்டும்.

அந்த இருக்கையின் வார் இழுபடுகிற சத்தம் கேட்டது. அது மெல்ல இறங்கி வந்து, அவள் இடுப்பருகே, கிளிக் என்று மாட்டிக்கொண்டது.